மேரியின் ஒரிஜினல்கள்

1

மெல்பர்னில் எங்கள் புறநகர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும், காலை பத்திலிருந்து பன்னிரண்டு மணி வரை, செய்தித்தாள் அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு சிறு மேசை போடுவார்கள். ஊதியம் பெறாத தன்னார்வலர் ஒருவர் ரப்பர் முத்திரையோடு அங்கே அமர்ந்திருப்பார். சான்றிதழின் நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, நகல் சரியானதே என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தருவது அவர் பணி. நம் ஊரில் கெசட்டட் ஆபீசரைத் தேடி அலைந்து வாங்கும் பச்சை மைக் கையெழுத்துக்கு இது சமம். அலைச்சல் மட்டும் கிடையாது.

சென்ற மாதம் என் மகள் ஷெரினுடன் அந்த மேசைக்குப் போனேன். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். ஓர் உதவித்தொகை விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழின் நகல் வேண்டியிருந்தது. மேசையில் இருந்தவர் எழுபதைக் கடந்த ஒரு பெண்மணி. ஒவ்வொரு வரியின் மேலும் விரலை வைத்து, உதடுகள் அசைய, நகலையும் மூலத்தையும் மாறி மாறிப் படித்தார். முத்திரை குத்தி முடித்ததும் மூலத்தை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தாண்டி அதை ஷெரினிடம் கொடுத்தார்.

“இதில் உன் பெயர்தானே இருக்கிறது? நீயே வைத்துக்கொள். யார் கேட்டாலும் நகலைக் கொடு, மூலத்தைக் கைவிடாதே” என்றார்.

என் கை சிறிது நேரம் அப்படியே நின்றது. ஷெரின் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூருக்கு அருகே இதுபோன்றதொரு மேசையின் முன், என் தங்கை மேரியின் மடியிலிருந்த சான்றிதழ்களை இதே கையால் எடுத்து, எதிரே இருந்தவரிடம் கொடுத்திருக்கிறேன். அந்தச் சான்றிதழ்களை எங்கள் பக்கத்தில் எவரும் மூலம் என்று சொல்வதில்லை. ஒரிஜினல் என்றுதான் சொல்வோம்.

2

மெல்பர்னில் கல்லூரி தேடும் முறையைப் பற்றி ஊரிலிருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எட்டுப் படிப்புகள் வரை விருப்ப வரிசையில் இணையத்தில் பதியலாம். தேர்வு முடிவு வந்த பிறகும் சில நாட்கள் அந்த வரிசையை மாற்றியடுக்கலாம். முதலிடத்தில் வைத்ததைக் கடைசிக்குத் தள்ளலாம், அடியோடு நீக்கலாம். யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஷெரினின் பட்டியலில் முதலில் இயன்முறை மருத்துவம் இருந்தது. இரண்டு வாரத்தில் அது மூன்றாமிடத்துக்குப் போய், கட்டடக் கலை மேலே வந்தது. பிறகு கடல் உயிரியல் என்று ஏதோ ஒன்று நடுவில் நுழைந்தது. ஒவ்வொரு முறையும் ஏன் மாற்றினாய் என்று கேட்பேன். “அது வெறும் லிஸ்ட்தானே அப்பா” என்பாள். நான் தமிழில் கேட்பதும் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதும் எங்கள் வீட்டில் நடைமுறையாகிவிட்டது. இந்தக் குறிப்பில் அவள் பேச்சைத் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்டில் பல்கலைக்கழகங்கள் கதவைத் திறந்து வைத்து எல்லோரையும் அழைக்கும் நாட்கள் வரும். மூன்று இடங்களுக்கு ஷெரினோடு போனேன். துணிப்பை இலவசம், காப்பி இலவசம். மஞ்சள் பனியன் அணிந்த ஒரு மாணவி, தான் படிக்கும் முதலாம் ஆண்டுப் பாடம் ஒன்று சலிப்பூட்டுவது என்று எங்களிடமே சொன்னாள். விற்கிறவள் தன் சரக்கைக் குறை சொல்வதை அதற்கு முன் நான் கண்டதில்லை. இங்கும் விற்பனைதான் நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். படிப்புக் கடனைப் பல ஆண்டுகள் சுமக்கிறவர்கள் என் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். ஆனாலும் விற்பவரே குறையைச் சொல்லும் அளவுக்கு ஓர் இடைவெளி விடப்பட்டிருக்கிறது.

அங்கே ஒரு பேராசிரியரிடம் நான் கேட்ட கேள்வியால்தான் ஷெரினுக்குத் தலைகுனிவு ஏற்பட்டது. சேர்ந்த பிறகு இவளுடைய சான்றிதழ்கள் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. “யாரிடமிருந்து திரும்ப?” என்றார். நான் விளக்க முற்பட்டேன். ஷெரின் என் சட்டைக் கையை இழுத்து, “அப்பா, அவர்கள் எதையும் வாங்கி வைத்துக்கொள்வதில்லை” என்றாள். வண்டி நிறுத்துமிடம் வரை இரண்டு எட்டு முன்னாலேயே நடந்தாள்.

3

அவள் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். குடும்பத்தில் மூன்று பெரியவர்களிடம், அவர்கள் தங்கள் படிப்பை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எவற்றையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். முதலில் என் மனைவியைக் கேட்டாள். அடுத்து என்னைக் கேட்டாள். மூன்றாவதாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அரியலூரிலிருக்கும் தன் அத்தையைத் திரையில் அழைத்தாள். அங்கே அப்போது பிற்பகல். மேரி பூசை முடிந்து வந்து சமையலையும் முடித்திருந்தாள்.

ஷெரினுக்குத் தெரிந்த தமிழ், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்றது.

“அத்தை, நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? நான் உங்களிடம் மூன்று வினாக்கள் கேட்கலாமா?”

“ஏன்டி, ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாரியே பேசுற? வினாவாம்ல வினா! ஏங்க, இங்க வாங்க, மருமவ பேட்டி எடுக்குறா. கேளுடி.”

“நீங்கள் எந்தக் கல்லூரியில் படித்தீர்கள்?”

“நான் எங்க படிச்சேன்? ப்ளஸ் டூவோட சரி.”

“ஏன் கல்லூரிக்குச் செல்லவில்லை? மதிப்பெண் போதவில்லையா?”

வெளியே சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போகும் ஓசை கேட்டது. அது கடந்து போகும் வரை மேரி பேசாமல் இருந்தாள். அரியலூரில் அப்படித்தான் பேச வேண்டும்.

“மார்க்கெல்லாம் இருந்துச்சுடி. ஒரிஜினல் கைக்கு வரல. மார்க் ஷீட்டு, டி.சி., கம்யூனிட்டி சர்டிபிகேட்டு, மூணும் ஒரு காலேஜ்ல மாட்டிக்கிச்சு. அதான்.”

ஷெரின் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டாள்: “படிக்கவே படிக்காத ஒரு கல்லூரிக்கு அத்தையின் சான்றிதழ்கள் எப்படிப் போயின?”

மேரிக்கு அந்த ஆங்கிலம் புரிந்திருந்தது.

“அப்பல்லாம் அதான்டி வழக்கம். ஊருக்கே வழக்கம். உங்கப்பாவ ஏன் கேக்குற? அவருக்கு என்ன தெரியும், அவரு அப்ப ஹாஸ்டல்ல இருந்தாரு.”

நான் அன்று விடுதியில் இல்லை. மேரிக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

4

எங்கள் ஊர் வரதராசன்பேட்டைக்குப் பக்கம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு. அவர் ஐந்தாவது வரை படித்தவர். நான் அப்போது திருச்சியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். குடும்பத்தில் பட்டம் வாங்கப் போகிற முதல் ஆள். ஆகவே படிப்பு பற்றி என் வாயிலிருந்து எது வந்தாலும் அது எங்கள் வீட்டில் தீர்ப்பாகவே கொள்ளப்பட்டது. தெரியாது என்ற சொல்லை நான் சொல்லிப் பழகாததற்கு அது ஒரு காரணம். அதைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை.

மேரி என்னைவிட மூன்று வயது இளையவள். கணக்கும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் படித்து, பள்ளியில் இரண்டாவதாக வந்தாள். அவளுக்கு விவசாயம் படிக்க வேண்டும். காரணமும் வைத்திருந்தாள். சில ஆண்டுகள் முந்திரிப் பூ, கொத்துக் கொத்தாகக் கருகிப் போகும். பனி என்பார் அப்பா. மேரி ஒரு தீப்பெட்டியில் அந்தப் பூங்கொத்திலிருந்து பிடித்த பூச்சியை அடைத்துக்கொண்டு போய்த் தன் தாவரவியல் ஆசிரியையிடம் காட்டினாள். கருக்குவது பூச்சிதான் என்று அவர் சொன்னார். இதைப் படிக்கவே கோயம்புத்தூரில் கல்லூரி இருக்கிறது என்றும் சொன்னார். அன்றிலிருந்து அவள் வாயில் கோயம்புத்தூர்தான். விண்ணப்பமும் அனுப்பியிருந்தாள்.

நான் ஒரு நீளத் தாளில் கோடு போட்டு நான்கு வழிகளை எழுதினேன். கோயம்புத்தூரில் விவசாயம். திருச்சியில் நர்சிங். அரியலூர் அரசுக் கல்லூரியில் தாவரவியல். பெரம்பலூரைச் சுற்றி அந்நாட்களில் எழும்பிக்கொண்டிருந்த தனியார் பொறியியல் கல்லூரிகளில் ஒன்று. தூரம், விடுதி, பஸ், வேலைவாய்ப்பு என்று தலைப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டேன். கவுன்சிலிங் கார்டு வருமா வராதா என்று தெரியாததால் கோயம்புத்தூருக்கு எல்லாவற்றிலும் குறைத்தே போட்டேன். கல்லூரிப் பஸ் எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஜெயங்கொண்டம் வரை வரும் என்பதால் பொறியியல் கல்லூரி முதலிடம் பெற்றது.

அந்தக் கல்லூரியைப் பார்க்க அப்பா, மேரி, நான் மூவரும் போனோம். நான் விளக்கப் புத்தகத்தைப் படித்துக்கொண்டு நடந்தேன். மேரி கண்ணால் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

“அண்ணே, கம்ப்யூட்டர் கீபோர்டு மேல பாலித்தீன் கவர் பிரிக்கவே இல்ல பாரேன்.”

“புதுசுடி.”

“ரெண்டாம் வருசம் நடக்குதுன்னாரே அந்த சாரு? ரெண்டு வருசமா கவர் மேலயேவா தட்டுறாங்க?”

நூலகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். சாவி லைப்ரேரியனிடம் இருக்கிறது என்றார்கள். லைப்ரேரியன் எங்கே என்று கேட்டாள். அப்பா அவளை முறைத்தார். பேன்ட் போட்ட ஆட்களிடம் எதிர்க்கேள்வி கேட்பது அவருக்கு ஆகாது. மேரியும் நானும் ஒரே கட்டடத்தைத்தான் சுற்றி வந்தோம். ஒப்பிடத் தெரிந்தவள் அவள். மதிப்பெண் போட்டவன் நான்.

5

சேர்க்கை அலுவலகத்தில் இருந்தவர் இனிமையாகப் பேசினார். எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும், பெரிய கோயில் திருவிழாவுக்கு வந்திருப்பதாகச் சொன்னார். அப்பாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

“இன்னும் பதினோரு சீட்டுதாங்க ஐயா இருக்கு. திங்கக்கெழம வந்தீங்கன்னா நானே இல்லன்னு சொல்ற நெலமையாயிடும். ஒரிஜினல மட்டும் குடுத்துட்டுப் போங்க, சீட்ட பிளாக் பண்ணிடுறேன். வேற எங்கயாவது கெடைச்சா வந்து வாங்கிக்கங்க. நம்ம புள்ளைங்கதானே.”

அப்பா என்னைப் பார்த்தார். “என்னப்பா பெரியவனே?”

எனக்கு அது அறிவார்ந்த ஏற்பாடாகவே பட்டது. கையில் ஒரு சீட் நிச்சயம். கார்டு வந்தால் கோயம்புத்தூர், வராவிட்டால் இது. நம் மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளில் அந்த ஜூன் மாதத்தில் இதே கணக்கைப் போட்டிருப்பார்கள். மூலச் சான்றிதழ்கள் இல்லாமல் எந்தக் கவுன்சிலிங்கிலும் உள்ளே விட மாட்டார்கள் என்பதை அந்தக் கல்லூரிகள் அறிந்திருந்தன. நாங்கள் அதை யோசிக்கவில்லை. வேண்டாமென்றால் வாங்கிக்கொள்ளலாம் என்ற ஒரு வாய்ச்சொல்லை நம்பினோம்.

மேரி கோப்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். “ஜெராக்ஸ் குடுத்தா ஆகாதாண்ணே?” என்று மட்டும் கேட்டாள்.

“ஜெராக்ஸுக்கு எவன் சீட்டு குடுப்பான்? குடு.”

அவள் கொடுக்கவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு பாரத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார்கள். பாதுகாவலர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தது. அப்பா கைநாட்டு வைப்பவரல்லர்; ஆனால் ஆங்கிலப் பாரம் என்பதால் என் பக்கம் தள்ளினார். நான் பேனாவைத் தேடி எடுத்துப் பெருக்கல் குறியின் மேல் கையெழுத்திட்டேன். குறிக்கு மேலே இருந்த ஐந்து வரிகளையும் படிக்கவில்லை.

6

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து கவுன்சிலிங் கார்டு வந்தது. அடுத்த வியாழக்கிழமை ஆஜராக வேண்டும். மேரி அந்தக் கார்டை மாதா படத்தின் முன் வைத்துவிட்டு, பார்த்தது பத்தாதென்று மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை போனோம். கரெஸ்பாண்டன்ட் வெளியூர், பீரோ சாவி அவரிடம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மேரி ஒரு மனு எழுதினாள். அப்போது எங்கள் ஊருக்கும் பெரம்பலூர்தான் மாவட்டத் தலைநகர். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். மனுவை அவளே யோசித்து, அடித்து, திரும்ப நல்ல தாளில் எழுதினாள். “கல்வி கற்கும் என் உரிமை ஒரு பீரோவில் பூட்டப்பட்டுள்ளது” என்று ஒரு வரி இருந்தது. எனக்கு அது மிகையாகப் பட்டது.

திங்கட்கிழமை காலை பெரம்பலூர் பஸ் நிலையத்தில் இறங்கியதும், மனுவைக் காட்டு என்று வாங்கி, மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

“மொதல்ல காலேஜுக்குப் போயி தன்மையா பேசிப் பாப்போம். மனு குடுத்தா பகையாயிடும். அவங்க சர்டிபிகேட்டே காணோம்னு சொல்லிட்டா என்ன பண்ணுவ?”

“பதினோரு மணிக்கு மேல டோக்கன் குடுக்க மாட்டாங்களாம்ணே. அத முடிச்சுட்டு காலேஜுக்குப் போலாமே.”

“நான் சொன்னா கேளு மேரி.”

“அண்ணன் சொல்றத கேளும்மா” என்றார் அப்பா.

கல்லூரியில் இரண்டு மணி வரை உட்கார வைத்தார்கள். பிறகு அந்த இனிமையான மனிதர் எட்டிப் பார்த்து, “தம்பி மட்டும் உள்ள வாங்க” என்றார். உள்ளே அவர் அதிகம் பேசவில்லை. நான் கையெழுத்திட்ட பாரத்தை என் பக்கம் திருப்பி வைத்து, ஒரு வரியின் கீழ் நகத்தால் கோடு இழுத்தார். இடையில் விலகினால் நான்காண்டுக்குமான முழுக் கட்டணத்தையும் செலுத்திய பிறகே சான்றிதழ்கள் திருப்பித் தரப்படும். அந்தத் தொகைக்குத் தோப்பை விற்றாலும் போதாது.

“படிச்ச புள்ள நீங்க. படிக்காமயா கையெழுத்துப் போட்டீங்க?”

வெளியே வந்தேன். மர பெஞ்சில் இருவரும் எழுந்து நின்றார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால், மூன்று மணிக்காவது மூவரும் கலெக்டர் ஆபீசுக்கு ஓடியிருக்கலாம். டோக்கன் இல்லாவிட்டாலும் வராந்தாவில் நின்று அழுதிருக்கலாம். மனு கொடுத்தால் அந்தப் பாரம் வெளியே வரும், அதிலிருக்கும் கையெழுத்தும் வெளியே வரும் என்பது மட்டுமே அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது.

“ரெண்டு நாள்ல தர்றேன்னுட்டார்” என்றேன்.

அப்பா வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். மேரி புதன்கிழமை மாலை வரை பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். வியாழக்கிழமை அவள் தோப்புக்குப் போனாள்.

வேறொரு குடும்பம் அடுத்த திங்கட்கிழமை மனு கொடுத்து, அதே கல்லூரியிலிருந்து இரண்டே நாளில் சான்றிதழை வாங்கிப் போனதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். அதை அன்றும் வீட்டில் சொல்லவில்லை.

7

அந்தக் கல்லூரியில் கால் வைக்க மாட்டேன் என்று மேரி மறுத்துவிட்டாள். டி.சி. இல்லாமல் அரியலூர் கல்லூரியிலும் சேர்க்க முடியாது. ஒரிஜினலுக்குப் பதிலாக அரசிடமே நகல் சான்றிதழ் வாங்கலாம் என்று யாரோ சொல்ல, அப்பா தாலுகா ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடந்தார். தொலைந்துபோனது என்று எழுதிக் கொடுத்தால்தான் முடியும் என்றார்கள். அப்பா எழுதித் தரவில்லை. “தொலையலியே சார், எந்த பீரோவுல இருக்குன்னே தெரியுமே” என்று சொல்லிவிட்டு வந்தார். இதைச் சொல்லி ஊரில் சிரித்தார்கள்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் கல்லூரி கைமாறியது. புதிதாக வந்தவர்கள் பழைய பீரோக்களைக் காலி செய்தபோது, வந்து எடுத்துப் போகுமாறு கடிதம் போட்டார்கள். அப்பா போய் வாங்கி வந்தார். அது மேரிக்குக் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவித்த மாதம். எனக்கு அப்போது ஆஸ்திரேலிய விசாவுக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. என் ஒரிஜினல்கள் எல்லாம் ஒரு தாள் குறையாமல் என்னிடம் இருந்தன. விமானத்தில் அவற்றைக் கைப்பையில் வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தேன்.

மேரியின் கணவர் ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. மேரி அரியலூரில் ஓர் உரக்கடையில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். கடைசியாக ஊருக்குப் போனபோது அந்தக் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கருகிய பூங்கொத்து ஒன்றைப் பையிலிருந்து எடுத்துப் போட்டார் ஒரு விவசாயி.

“யக்கா, பூவெல்லாம் இப்படி ஆயிடுச்சு. எத அடிக்க?”

மேரி கொத்தைத் திருப்பிப் பார்த்தாள். “எப்ப அடிப்பீங்க?”

“காலையில ஒரு பத்து மணிக்கு.”

“பத்து மணிக்குத் தேனீ வர்ற நேரம். அத கொன்னுட்டு காய் எங்கேருந்து வரும்? சாயங்காலமா அடிங்க. அடிக்கிறதுக்கு மின்னாடி முழுத் தோப்பையும் ஒருக்கா பாருங்க, எல்லா மரத்துக்கும் தேவப்படாது.”

அவர் போன பிறகு, “உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். அவள் பின்னால் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் காட்டினாள். இந்தக் கடைகளுக்கு உரிமம் பெற, விவசாயம் படித்த ஒருவரின் பட்டச் சான்றிதழ் வேண்டும். உள்ளே இருந்தது வேறோர் ஊரில் இருக்கும் யாரோ ஒருவருடையது. அவர் கடைக்கு வந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

“டிகிரி அங்க இருக்குண்ணே. நான் வெறும் வாயி” என்று சிரித்தாள்.

அது முறையல்ல என்பது எனக்குத் தெரியும். சட்டம், பொறுப்பு, விளைவு என்று பேச என்னிடம் நிறைய இருந்தது. அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழே இருந்துகொண்டு எதையும் பேச முடியவில்லை.

8

ஷெரினின் பேட்டி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் தனியாக மேரியை அழைத்தேன். அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவரிடம் சொல்லும் வாய்ப்பு போய்விட்டது. இவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வாரமாக வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன்.

“மேரி, நான் அன்னைக்கு ஹாஸ்டல்ல இல்ல.”

“எனக்குத் தெரியாதாக்கும். புள்ள மின்னாடி உன்ன ஏன் விட்டுக்குடுக்கணும்?”

“அது இல்ல. அந்தப் பாரத்துல ஒரு வரி இருந்துச்சு. முழுப் பணமும் கட்டினாத்தான் சர்டிபிகேட் தருவோம்னு. நான் படிக்காமயே கையெழுத்துப் போட்டுட்டேன். திங்கக்கெழம அத எங்கிட்ட காட்டினாரு. ரெண்டு நாள்ல தருவாங்கன்னு நான் சொன்னது பொய்.”

அவள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“அந்த வரிய நான் படிச்சேண்ணே.”

“எப்ப?”

“அன்னைக்கேதான். நீ பேனா தேடிக்கிட்டிருந்த. பாரம் நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுலதானே இருந்துச்சு. ஃபுல் கோர்ஸ் ஃபீன்னு போட்டிருந்துச்சு. மத்தது புரியல, அது புரிஞ்சுது.”

“ஏன் சொல்லல மேரி?”

“எஞ்சினியருக்குப் படிக்கிற அண்ணன் கையெழுத்துப் போடுறப்ப, தமிழ் மீடியம் தங்கச்சி என்னத்த சொல்றது? உனக்குப் புரியாத இங்கிலீஷா எனக்குப் புரிஞ்சுடப் போவுதுன்னு நெனச்சேன். நாந்தான் தப்பா படிச்சிருக்கேன் போலன்னு இருந்துட்டேன்.”

நான் படிக்கத் தவறிய வரியை அவள் படித்திருக்கிறாள். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி வாய்மூடியிருக்கிறாள். எதிலும் தவறாதவனாக நான் என்னை வைத்துக்கொண்டதில் முதலில் அடைபட்டது அவள் வாய்.

“இத்தன வருசமா எம்மேல கோவமா இருந்தியா?”

“கையெழுத்துக்குக் கோவமில்ல. ரெண்டு நாள்னு பொய் சொன்னியே, அது இப்பத்தான் தெரியுது. அதுக்கு இனிமேத்தான் கோவப்படணும். திங்கக்கெழம மனுவ வாங்கி பையில வச்சுக்கிட்ட பாத்தியா, அதுக்குத்தான் இன்னும் கொஞ்சம் இருக்கு. ஞாயித்துக்கெழம பூசைக்குக்கூட போவாம எழுதுனேன். அது எங்க?”

எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. சட்டையோடு துவைக்கப் போயிருக்கும்.

“சரி வுடு” என்றாள். “புள்ள லிஸ்ட் என்னாச்சு? அவள எழுத வுடு. புரியலன்னா கேக்க வுடு. நீ பேனாவ எடுக்காத.”

ஷெரினின் பட்டியல் இன்னும் திறந்துதான் இருக்கிறது. இப்போது கடல் உயிரியல் முதலிடத்தில் இருக்கிறது. உதவித்தொகை விண்ணப்பத்தை அனுப்பும் முன் அவள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, “நிபந்தனைகளை நீங்கள் படித்துவிடுங்கள் அப்பா” என்றாள். அவள் பக்கமே திருப்பி வைத்து, உரக்கப் படிக்கச் சொன்னேன். நான்கு பக்கம். இரண்டு இடத்தில் அவளுக்கு விளங்கவில்லை. ஓரிடத்தில் எனக்கும் விளங்கவில்லை. எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, விண்ணப்ப அலுவலகத்துக்குக் கேட்டு எழுதினாள். நாற்பத்திரண்டு வயதில் அந்தச் சொல் இவ்வளவு எளிதாக வந்தது. இருபதில் வந்திருக்க வேண்டும்.

மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று இப்போது விதி இருப்பதாக அறிகிறேன். விதி இருப்பது நல்லது. பெரம்பலூர், அரியலூர் பக்கம் இதைப் படிக்கிற அண்ணன்மாரும் அக்காமாரும், தம்பி தங்கையோடு கல்லூரி பார்க்கப் போகும்போது, பாரத்தை அவர்கள் பக்கம் திருப்பி வையுங்கள் என்பதே நான் கேட்டுக்கொள்வது.

பள்ளி வேலையோடு சேர்க்க ஒரு படம் வேண்டும் என்று ஷெரின் தன் அத்தையைக் கேட்டிருந்தாள். நேற்று மேரியிடமிருந்து அவளுடைய ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் படம் வந்தது. ஓரத்தில் கோப்பில் கோத்த இரண்டு துளைகள். மேலே கிளிப்பின் துருக் கறை. மூலையில் யாரோ சிவப்புப் பென்சிலால் எழுதிய ஓர் எண். உயிரியலுக்கு நேரே அவள் மதிப்பெண், இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, மங்காமல் இருக்கிறது.

படத்தின் கீழே எனக்கென்று ஒரு வரி எழுதியிருந்தாள்.

“ஒரிஜினல் பத்திரமா இருக்குண்ணே. திரும்பி வந்ததுலேர்ந்து யாரும் கேக்கல.”